தேநீர் நிறத்தில் ஒரு புதையல்

பழைய அமெரிக்க 'பல்ப்' இதழ் ஒன்று விலைக்கு வந்தால், விவரமறிந்த சேகரிப்பாளர் அட்டைப்படத்தில் மயங்கிவிட மாட்டார். உள்ளே புரட்டித் தாளின் நிறத்தைப் பார்ப்பார். வெளிர்மஞ்சள் என்றால் நிம்மதி. தேநீர் நிறம் என்றால் யோசனை. புரட்டும்போதே மடியில் துகள் உதிர்ந்தால், அதன்பிறகு அப்பளத்தைத் தொடுவதுபோலத்தான் தொட வேண்டும்.

பல்ப் என்றால் கூழ். அந்த இதழ்களுக்குப் பெயர் கிடைத்ததே தாளால்தான். நல்ல தாளுக்கு மரத்துண்டுகளை ரசாயனத்தில் வேகவைப்பார்கள். இழைகளை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் கரைந்து போய்விடும். மலிவுத் தாளுக்கு அந்தச் செலவில்லை. மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்கினால் போதும். ஆனால் லிக்னினும் உள்ளேயே தங்கிவிடும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பேறும், அமிலமும் சுரக்கும். மை ஊறிப் பரவாமலிருக்கத் தாளில் சேர்த்த ஆலம் என்ற ரசாயனமும் தன் பங்குக்கு அமிலத்தைக் கூட்டும். செல்லுலோஸ் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டு, தாள் மடிப்பில் ஒடியும். அட்டை மட்டும் வழவழப்பான உயர்ந்த தாள் என்பதால் நூறு வயதிலும் பளிச்சென்றிருக்கும். நம் ஊர் மாத நாவல்களைப் பரணில் போட்டுவைத்தவர்களுக்கு இந்த வேடிக்கை புதிதல்ல.

இந்த மட்டமான தாளில்தான் 1896இல் பதிப்பாளர் ஃபிராங்க் மன்சி 'ஆர்கோசி'யை முழுக்கக் கதை இதழாக மாற்றினார். விலை 10 சென்ட். தாளில் மிச்சம் பிடித்ததால் பக்கங்களை வாரி வழங்க முடிந்தது. பக்கங்களை நிரப்ப எழுத்தாளர்கள் தேவைப்பட்டார்கள், பெரும்பாலும் சொல்லுக்கு இத்தனை என்ற கூலியில். அப்படி எழுதப்பட்ட கதைகளில் பிறந்த நாயகன்தான் டார்ஜான், 1912இல், 'ஆல்-ஸ்டோரி' இதழில். முன்பு துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்த டாஷியல் ஹாமெட், 'மால்டீஸ் ஃபால்கன்' தொடரை எழுதியது 'பிளாக் மாஸ்க்'கில். ரேமண்ட் சாண்ட்லரின் முதல் துப்பறியும் கதையும் 1933இல் அங்கேதான் வெளிவந்தது. இலக்கியவாதிகள் மூக்கைச் சுளித்த இடத்தில் இவ்வளவு விளைந்திருக்கிறது.

ஆனால் மறுபதிப்பு கண்டதுதான் நிலைத்தது. 'வியர்ட் டேல்ஸ்' இதழில் எழுதிய லவ்கிராஃப்ட் 1937இல் இறந்தபின், அவர் கதைகளைப் புத்தகமாக்கவென்றே நண்பர்கள் இருவர் 'ஆர்காம் ஹவுஸ்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அப்படி நண்பர்கள் வாய்க்காத எழுத்தாளர்கள் ஏராளம். போர்க்காலத் தாள் தட்டுப்பாடு, பிறகு பேப்பர்பேக், தொலைக்காட்சி என்று அடிமேல் அடி விழுந்து, 1950களில் இதழ்களும் ஏறக்குறைய ஓய்ந்தன.

சேகரிப்பாளர்கள் அமிலமற்ற அட்டையைப் பின்னால் கொடுத்து, பாலியெஸ்டர் உறையிலிட்டு, குளிர்ந்த இருட்டறையில் வைக்கிறார்கள். இதனால் தாளின் முதுமை மெதுவாகுமே தவிர நிற்காது. அதனால் சிலர் ஸ்கேன் எடுத்து வைக்கிறார்கள். அதிலும் ஒரு சங்கடம்: பக்கவாட்டில் கம்பியடித்துக் கட்டிய இதழ் விரிந்து கொடுக்காது. கம்பியைப் பிடுங்கிப் பக்கங்களைப் பிரித்தால் கதை தப்பும், இதழ் போய்விடும்.