ராம்குமாரின் பேரேடு

காரைக்குடிக் கடைகளுக்கு நாற்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். அன்றன்றைய வரவு செலவு சிட்டையில் ஏறும், அங்கிருந்து பேரேட்டுக்குப் போகும், வருஷக் கடைசியில் ஐந்தொகை. டென்னிஸ் ஆட்டக்காரரின் கணக்கையும் எனக்கு இப்படித்தான் படிக்கத் தெரியும்.

டென்னிஸ் கோர்ட்டிலிருந்து வந்த பேத்தி ஒருநாள் கேட்டாள்: "ஐயா, தோத்தா புள்ளியைக் கழிக்கமாட்டாங்களே, அப்புறம் ஏன் ராம்குமார் இடம் இறங்கிருச்சு?"

"கழிக்கமாட்டாங்க ஆத்தா. ஆனா வந்த புள்ளிக்கு ஆயுசு 52 வாரந்தான்."

ஒரு பழைய அட்டை நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். 2018 ஜூலை, அமெரிக்காவின் நியூபோர்ட். சென்னை ராம்குமார் ராமநாதன் இறுதி ஆட்டம் வரை போய் ஸ்டீவ் ஜான்சனிடம் மூன்று செட்டில் தோற்றார். இரண்டாம் இடத்துக்கு 150 புள்ளி. அந்த மாதக் கடைசியில் உலக ஒற்றையர் தரவரிசையில் 111. அவர் தொட்ட உயரம் அதுதான். அடுத்த ஜூலையில் அந்த 150 தானாகப் பற்றில் விழும். அதே வாரத்தில் அந்த அளவுக்குச் சம்பாதித்தால்தான் நின்ற இடத்தில் நிற்கலாம். எந்த வட்டிக்கடையிலும் இவ்வளவு கறாரான கணக்கை நான் பார்த்ததில்லை.

ஆகவே தரவரிசை என்பது இன்றைய இருப்பு மட்டும். ஆளைத் தெரிந்துகொள்ள சிட்டையைப் புரட்ட வேண்டும். 2017 ஜூனில், துருக்கியின் அந்தல்யாவில், அப்போது உலகின் 8ஆம் இடத்தில் இருந்த டொமினிக் தீமை 6-3, 6-2 என்று நேர் செட்டில் வென்றபோது ராம்குமாரின் இடம் 222. இருப்பை மட்டும் பார்த்தவர் இதை எதிர்பார்த்திருக்கவே முடியாது.

என் மனசு நிற்பது வேறொரு வரியில். பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே சேலஞ்சர் போட்டிகள். வளரும் ஆட்டக்காரர் புள்ளி சேர்ப்பது பெரும்பாலும் அங்கேதான். அதில் ஆறு இறுதி ஆட்டங்களில் ராம்குமார் தோற்றிருந்தார். 2017இல் புணேயிலும் 2018இல் தாய்ப்பேயிலும் கோப்பையைக் கொண்டுபோனவர் நம் நாட்டு யூகி பாம்ப்ரி. ஏழாவது இறுதி, 2021 நவம்பர், பஹ்ரைனின் மனாமா. எவ்கெனி கார்லோவ்ஸ்கியை 6-1, 6-4 என்று வென்றார். வயது 27.

பேத்தி அந்த வரியை மட்டும் தன் கையால் எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். "இந்தப் புள்ளியும் போயிருச்சா ஐயா?"

"பேரேட்டுல போயிருச்சு. நீ எழுதுறது சிட்டை."