பாடப் புத்தகமும் பந்தும்



அண்மையில் ஒரு நாள் மாலை, மேல்சித்தாமூரில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்குப் பழைய மாணவர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். பத்தாம் வகுப்பில் பயிலும் அப்பெண் பள்ளிக் கால்பந்துக் குழுவில் கோல் காவலர். “ஐயா, பொதுத்தேர்வு வருகிறது. இவள் பந்தாட்டத்தை நிறுத்திவிடலாமா? தாங்கள் சொன்னால் கேட்பாள்” என்றார்.

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் இக்கேள்விக்கு நான் ஒரே விடைதான் வைத்திருந்தேன். பத்தாம் வகுப்புக்கு வந்த பெண்களின் பெயர்களை ஆட்டப் பட்டியலிலிருந்து என் கையாலேயே அடித்திருக்கிறேன். ஆண்பிள்ளைகளின் பெயர்களை அவ்வளவு விரைவாக அடித்தேனா என்றால், இல்லை. ஆகவே அன்று உடனே விடை கூற நா எழவில்லை. “அதிதி சௌகான் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டபின் முடிவு செய்யுங்கள்” என்றேன். அங்கே சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

அதிதி 1992ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்துடன் தில்லிக்குச் சென்றார். பள்ளியில் அவர் முதலில் ஆடியது கூடைப்பந்து. கோல் கம்பங்களின் இடைவெளி 24 அடி, உயரம் 8 அடி. அவ்வளவு பெரிய வாயிலைக் காப்பவருக்குக் கால் மட்டும் போதாது. உயரத்தில் வரும் பந்தை எட்டிப் பற்றும் கையும் வேண்டும். கூடைப்பந்தில் பழகிய கை அதற்குத் துணை செய்திருக்கும் என்பது என் எண்ணம். பதினைந்தாம் வயதில், 19 வயதுக்கு உட்பட்டோருக்கான தில்லி அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. பின்னர் இந்திய அணிக்கும் ஆடினார்.

அதன்பின் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது படிப்பதற்காக. லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மையில் முதுகலைப் பட்டப் படிப்பில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழக மகளிர் அணிக்கும் ஆடினார். 2015இல் இலண்டனின் வெஸ்ட் ஹாம் யுனைடெட் மகளிர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவ்வணி அப்போது ஆங்கிலேய மகளிர் ஆட்டத்தின் மூன்றாம் படியில் இருந்தது. ஆயினும் இங்கிலாந்தின் கழகம் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியப் பெண் அதிதியே. முதல் ஆட்டம் ஆகஸ்ட் மாதம் கவன்ட்ரி அணியுடன் நடந்தது. வெஸ்ட் ஹாம் ஐந்து கோல்களுக்குத் தோற்றது.

பெண்கள் இங்கிலாந்தில் பந்தாடுவது எளிதாக வந்த உரிமை என்று எண்ணிவிடாதீர்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலில் நடந்த மகளிர் ஆட்டம் ஒன்றைக் காண ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். மறு ஆண்டே ஆங்கிலக் கால்பந்துச் சங்கம், தன் கழகங்களின் திடல்களில் பெண்கள் ஆடக்கூடாதெனத் தடை விதித்தது. ஆட்டம் பெண்ணுடலுக்கு ஒவ்வாது என்பது அவர்கள் கூறிய காரணம். பட்டியலில் பெயர் அடித்த தலைமையாசிரியர்கள் அங்கும் இருந்திருக்கிறார்கள்! அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் கதவைத் திறந்தது கல்விச் சட்டம். மத்திய அரசின் பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டலாகாது என 1972இல் ஒரு சட்டம் பிறந்தது. ஆட்டத்திடலும் கல்வியின் பகுதி என்பதால் கல்லூரிகள் மகளிர் அணிகளை அமைத்தன. ஆட்டத்திறனுக்காகக் கல்வி உதவித்தொகையும் அளித்தன. 1991இல் முதல் மகளிர் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றபோது அவ்வணி பெரிதும் கல்லூரித் திடல்களில் உருவானவர்களைக் கொண்டிருந்தது. பிற நாட்டவரும் அக்கதவால் பயனடைந்தனர். கரீபியன் கடலில் உள்ள ஹைத்தி என்னும் வறிய நாடு 2023இல் முதன்முறையாக மகளிர் உலகக் கோப்பையில் ஆடியது. அமெரிக்கக் கல்லூரிகளில் பயின்றுகொண்டே ஆடியவர்கள் அவ்வணியிலும் இருந்தனர்.

இவ்வளவு தொலைவு போவானேன்? நம் பக்கத்துக் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் நடுக்கள ஆட்டக்காரராக ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். 2018இல் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டு மகளிர் தேசியக் கோப்பையைப் பெற்றபோது அவரும் அவ்வணியில் ஆடினார்.

நான் இவற்றைச் சொல்லி முடித்ததும் தந்தை பேசவில்லை. மகள்தான் கேட்டாள்: “ஐயா, ஐந்து கோல் விட்ட பிறகு அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்களா?”

“இல்லையம்மா. தொடர்ந்து ஆடினார். அவ்வாண்டே இங்கிலாந்தில் அவருக்கு ஒரு விருதும் கிடைத்தது. பின்னர் தாயகம் திரும்பிக் கேரளத்தின் கோகுலம் அணியுடன் இந்திய மகளிர் லீக்கை வென்றார். பதினேழு ஆண்டுகள் ஆடியபின் 2025இல்தான் ஓய்வு பெற்றார்” என்றேன்.

தந்தை சற்று நேரம் மகளைப் பார்த்திருந்தார். பிறகு, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஆடினால் படிப்பு கெடாது என்று கேட்டார். மாலையில் ஒன்றரை மணி நேரம், விளக்கு வைத்தபின் புத்தகம் என்று கூறினேன். காலையில் அரை மணி நேரம் கூட்டித் தரலாகாதா என்று அப்பெண் பேரம் பேசத் தொடங்கினாள்.