ஆக்கலும் அழித்தலும்

கணினி நிரல் எதுவும் வட்டிலுள்ள கோப்பைத் தானே திறந்துகொள்வதில்லை. இயக்க முறைமையிடம் இசைவு பெற்றே திறக்கும். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸ் முறைமையில், அவ்விசைவைக் கேட்கும் அழைப்பு ‘ஓப்பன்’ எனப்படும். முறைமை உரிமையை ஆராய்ந்து ஓர் எண்ணை வழங்கும். பின்னர்ப் படிப்பதும் எழுதுவதும் அவ்வெண்ணைக் கொண்டே.

புதிய கோப்பை ஆக்குவதற்குக் ‘கிரியேட்’ என்னும் அழைப்பு உண்டு. ஆயின், அப்பெயரில் எழுதும் உரிமையுள்ள கோப்பு முன்னரே இருப்பின், அதன் உள்ளடக்கம் முழுதும் அழிந்துவிடும். கோப்பு உண்டா என முதலில் பார்த்துப் பின் ஆக்கினால் போதாதா? போதாது. அவ்விரு செயல்களுக்கும் இடையில் வேறொரு நிரல் அதே பெயரில் கோப்பை ஆக்கிவிடக்கூடும். ஆகவே ‘ஓ-கிரியேட்’, ‘ஓ-எக்ஸ்கிள்’ என்னும் இரு குறிகளையும் ‘ஓப்பன்’ அழைப்பிலேயே சேர்ப்பர். ‘இல்லையேல் ஆக்கு, இருந்தால் மறு’ என்பது அவற்றின் பொருள். தேடலும் ஆக்கலும் அங்கு இடைவெளியின்றி ஒரே செயலாய் நிகழ்வதால், முன்னர் எழுதியது அழியாமற் காக்கப்படுகிறது.