ஆண்ட்ராய்டு திறன்பேசி மின்கல நலம்

ஆண்ட்ராய்டு திறன்பேசி மின்கல நலம் என்பது, ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைக் கொண்ட திறன்பேசியொன்றின் மின்கலம், புதிதாக இருந்தபோது கொண்டிருந்த கொள்ளளவில் இப்பொழுது எவ்வளவைத் தக்கவைத்துள்ளது என்பதைக் குறிக்கும் அளவாகும். இது விழுக்காட்டில் கூறப்படும். வழக்கில் பேட்டரி எனப்படும் திறன்பேசி மின்கலங்கள் பெரும்பாலும் இலித்தியம் அயனி வகையைச் சேர்ந்தவை. இவை பயன்பாட்டினாலும் காலத்தினாலும் கொள்ளளவை இழக்கின்றன. பழைய திறன்பேசியை வாங்குவதா, மின்கலத்தை மாற்றுவதா, தொடர்ந்து பயன்படுத்துவது பாதுகாப்பானதா என்னும் வினாக்களுக்கு விடை காண இவ்வளவு உதவுகிறது. திரையின் மேற்பகுதியில் காட்டப்படும் மின்னூட்ட விழுக்காடு மின்கல நலத்தைக் குறிப்பதன்று.

அடிப்படை அளவுகள்

மின்கலத்தின் கொள்ளளவு மில்லியாம்பியர்-மணி என்னும் அலகில் அளக்கப்படுகிறது. தயாரிப்பாளர் அறிவிக்கும் அளவு வடிவமைப்புக் கொள்ளளவு எனப்படும். முழுவதும் மின்னேற்றிய நிலையில் மின்கலம் உண்மையில் தரக்கூடிய அளவு நடப்புக் கொள்ளளவு ஆகும். நடப்புக் கொள்ளளவை வடிவமைப்புக் கொள்ளளவால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மின்கல நலம் கிடைக்கும். 5000 மில்லியாம்பியர்-மணி வடிவமைப்புக் கொள்ளளவுடைய மின்கலம் இப்பொழுது 4250 மில்லியாம்பியர்-மணி மட்டுமே தருமாயின் அதன் நலம் 85 விழுக்காடு ஆகும்.

திரையில் தெரியும் விழுக்காடோ நடப்புக் கொள்ளளவில் மீதமிருக்கும் பங்கைக் காட்டுகிறது. ஆகவே நலிவுற்ற மின்கலமும் முழுவதும் மின்னேற்றப்பட்டபின் 100 என்றே காட்டும். இதனை வண்டல் படிந்த ஏரியோடு ஒப்பிடலாம். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி. ஏரியின் அடியில் வண்டல் எவ்வளவு படிந்திருந்தாலும், நிரம்பிய நாளில் அளவுகோல் 47.5 அடி என்றே காட்டும். ஆனால் உள்ளே தேங்கும் நீரின் அளவு வண்டலுக்கு ஏற்பக் குறைந்திருக்கும்.

இவற்றுடன் மேலும் இரண்டு அளவுகள் பயன்படுகின்றன.

மின்னேற்றச் சுழற்சி: மொத்தமாக 100 விழுக்காடு அளவுக்கு மின்னூட்டம் செலவிடப்படுவது ஒரு சுழற்சி ஆகும். ஒரு நாள் 60 விழுக்காடும் மறுநாள் 40 விழுக்காடும் செலவிட்டால் இரு நாட்களும் சேர்ந்து ஒரு சுழற்சியாகும்.

அகமின்தடை: மின்கலத்தின் உள்ளே மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடை. மின்கலம் மூப்படையும்போது இது உயர்கிறது.

வரலாறு

இலித்தியம் அயனி மின்கலம் 1991-ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தால் வணிக அளவில் வெளியிடப்பட்டது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோசினோ ஆகியோருக்கு 2019-ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செல்லிடத் தொலைபேசி மின்கலத்தைச் சோதிக்கும் பழக்கம் இந்தியாவில் பரவலானது 2007-ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டு ஆகத்து 14 அன்று நோக்கியா நிறுவனம் தனது பி.எல்.-5சி வகை மின்கலங்கள் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. 2005 திசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுசிட்டா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி மின்கலங்கள் மின்னேற்றத்தின்போது மிகையாகச் சூடேறக்கூடும் என அதில் கூறப்பட்டது. பயனர்கள் தம் தொலைபேசியின் பின்மூடியைத் திறந்து, மின்கலத்தில் அச்சிடப்பட்டிருந்த 26 எழுத்துகள் கொண்ட அடையாள எண்ணைச் சரிபார்த்தனர். அன்று மின்கலத்தைக் கையால் எடுத்துப் பார்க்க முடிந்தது.

2008-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு பேசியிலும் கழற்றக்கூடிய மின்கலமே இருந்தது. பின்னர் வந்த திறன்பேசிகளில் மின்கலம் உள்ளே ஒட்டப்பட்டதால், அதன் நிலையை மென்பொருள் வழியாக அறிய வேண்டிய தேவை எழுந்தது. 2014-இல் வெளியான ஆண்ட்ராய்டு 5.0, மீதமுள்ள மின்னூட்டத்தை மைக்ரோஆம்பியர்-மணியில் செயலிகள் படித்தறிய வழிசெய்தது. 2023-இல் வெளியான ஆண்ட்ராய்டு 14 சுழற்சி எண்ணிக்கையையும் வழங்கியது. 2025-இல் ஆண்ட்ராய்டு 16 உடன் பிக்சல் 8ஏ மற்றும் அதற்குப் பிந்திய பிக்சல் பேசிகளில் நல விழுக்காடு அமைப்புகள் பக்கத்திலேயே காட்டப்படலாயிற்று.

மூப்படைவதற்கான காரணங்கள்

இலித்தியம் அயனி மின்கலத்தின் ஒரு மின்வாய் கிராபைட்டாலும், மற்றொன்று கோபால்ட்டு முதலிய உலோகங்களைக் கொண்ட இலித்தியம் ஆக்சைடாலும் ஆனவை. இவற்றுக்கிடையே இலித்தியம் அயனிகள் மின்பகுளி வழியாகச் சென்று திரும்புகின்றன. கிராபைட்டின் மேற்பரப்பில் மின்பகுளி சிறிது சிதைந்து மெல்லிய படலமாகப் படிகிறது. இப்படலம் மின்கலம் இயங்குவதற்குத் தேவையானது. எனினும் அது நாளடைவில் தடித்து, பயன்படக்கூடிய இலித்தியத்தைத் தன்னுள் சிறைப்படுத்துகிறது. இதனால் கொள்ளளவு குறைகிறது, அகமின்தடை உயர்கிறது. இச்செயல் உயர்ந்த வெப்பநிலையிலும், மின்கலம் நிறைந்த நிலையில் நெடுநேரம் இருக்கும்போதும் விரைவுபடும். ஆகவே பயன்படுத்தாமல் வைத்திருக்கும் மின்கலமும் நலிவுறும்.

மின்கலத்தில் பீங்கான் பொருட்களுக்கும் பங்குண்டு. கோபால்ட்டு ஆக்சைடும் இலித்தியம் கார்பனேட்டும் கலந்த தூளை வெப்பம் தாங்கும் பீங்கான் பெட்டிகளில் இட்டு, ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் உலையில் சுட்டு ஆக்சைடு மின்வாய்த் தூள் தயாரிக்கப்படுகிறது. இரு மின்வாய்களும் ஒன்றையொன்று தொடாமல் காக்கும் நெகிழிப் பிரிப்பானின் மீது பல மின்கலங்களில் அலுமினா என்னும் பீங்கான் பொருள் பூசப்படுகிறது. வெப்பத்தால் பிரிப்பான் சுருங்கி மின்வாய்கள் குறுக்குச்சுற்று ஆவதை இப்பூச்சு தடுக்க உதவுகிறது. தமிழ்நாட்டில் இத்துறையின் முதன்மையான ஆய்வகம் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி) ஆகும். அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவான இந்நிலையத்துக்கு 1948 சூலை 25 அன்று சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று இது திறக்கப்பட்டது. இலித்தியம் அயனி மின்கல ஆய்வு இந்நிலையத்தின் பணிகளுள் ஒன்று.

வெப்பத்தின் விளைவு

இலித்தியம் அயனி மின்கலத்தை ஓராண்டு பயன்படுத்தாமல் வைத்திருந்தால் எஞ்சும் கொள்ளளவுக்குப் பரவலாக எடுத்தாளப்படும் தோராய மதிப்புகள் பின்வருமாறு:

25 பாகை செல்சியசு, 40 விழுக்காடு மின்னூட்டம்: 96 விழுக்காடு
25 பாகை செல்சியசு, முழு மின்னூட்டம்: 80 விழுக்காடு
40 பாகை செல்சியசு, 40 விழுக்காடு மின்னூட்டம்: 85 விழுக்காடு
40 பாகை செல்சியசு, முழு மின்னூட்டம்: 65 விழுக்காடு

கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியிலுள்ள விருத்தாசலம் போன்ற ஊர்களுக்கு இம்மதிப்புகள் நேரடியாகப் பொருந்தும். பீங்கான் தொழிலுக்கும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகத்துக்கும் பெயர்பெற்ற இவ்வூரில், கோடையில் பகல் வெப்பநிலை 40 பாகையை எட்டும் நாட்கள் உண்டு. சூளைக்கு அருகிலோ, வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளேயோ வைக்கப்படும் திறன்பேசி அதனினும் மிகுந்த வெப்பத்தை அடையும். அந்நிலையில் மின்னேற்றமும் செய்யப்பட்டால், ஒரே நாளில் வாங்கிய ஒரே வகைப் பேசிகள் இரண்டில் ஒன்று மற்றதைவிட முன்னரே நலிவுறுவது இயல்பு. எனவே பேசியின் வயதை மட்டும் கொண்டு மின்கல நலத்தைக் கணிக்க இயலாது. அதனை அளந்தே அறிய வேண்டும்.

சோதிக்கும் முறைகள்

1. இயங்குதளம் தரும் தகவல். அமைப்புகள் பகுதியில் மின்கலம் அல்லது பேசியைப் பற்றிய பக்கத்தில் சில பேசிகள் நல விழுக்காட்டையும் சுழற்சி எண்ணிக்கையையும் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டு தொடக்கம் முதலே செயலிகளுக்கு 'நலம்' என்றொரு மதிப்பை வழங்கி வருகிறது. நன்று, மிகைவெப்பம், மிகை மின்னழுத்தம், செயலிழந்தது முதலியன அதன் நிலைகள். 'நன்று' என்பது அக்கணத்தில் கோளாறு எதுவும் உணரப்படவில்லை என்பதையே குறிக்கும். பாதிக் கொள்ளளவை இழந்த மின்கலத்துக்கும் இச்சொல் காட்டப்படலாம்.

2. தயாரிப்பாளரின் சோதனை வசதி. சில நிறுவனங்கள் தம் செயலிகளில் இதனை வழங்குகின்றன. சாம்சங் பேசிகளில் சாம்சங் மெம்பர்சு செயலியின் சோதனைப் பகுதி மின்கல நிலையைத் தெரிவிக்கும். *#*#4636#*#* என்னும் குறியீட்டை எண் தட்டும் பலகையில் இட்டால் பழைய பேசிகள் பலவற்றில் மின்கலத் தகவல் பக்கம் திறக்கும். புதிய பதிப்புகள் பலவற்றில் அப்பக்கம் நீக்கப்பட்டுள்ளது.

3. மின்னூட்ட எண்ணி. மீதமுள்ள மின்னூட்டத்தைக் காட்டும் செயலியொன்றைக் கொண்டு இக்கணக்கைச் செய்யலாம். திரை 60 விழுக்காடு காட்டும்போது எண்ணி 2550 மில்லியாம்பியர்-மணி எனக் காட்டினால், 2550-ஐ 0.60-ஆல் வகுக்க 4250 கிடைக்கும். வடிவமைப்புக் கொள்ளளவு 5000 எனில் நலம் 85 விழுக்காடு. சில பேசிகளில் இவ்வெண்ணி உண்மையில் அளக்காமல், திரை விழுக்காட்டை வடிவமைப்புக் கொள்ளளவால் பெருக்கிக் காட்டுகிறது. 80, 60, 40 ஆகிய மூன்று நிலைகளிலும் கணக்கு மிகச்சரியாக 5000 என்றே வருமானால் அவ்வெண்ணியை நம்பலாகாது.

4. மின்னேற்றத்தைக் கூட்டிக் கணித்தல். அக்குபேட்டரி போன்ற செயலிகள் மின்னேற்றத்தின்போது பாயும் மின்னோட்டத்தை நேரத்தோடு பெருக்கிக் கூட்டுகின்றன. 20-இலிருந்து 80 விழுக்காடு வரை ஏற்ற 2580 மில்லியாம்பியர்-மணி தேவைப்பட்டால் முழுக் கொள்ளளவு 4300 ஆகும். ஒருமுறை கிடைத்த விடையைக் காட்டிலும் பல முறைகளின் சராசரியே ஏற்கத்தக்கது. விரைவு மின்னேற்றத்துக்காக இரு கலங்களைத் தொடராக இணைத்த பேசிகளில் இச்செயலிகள் உண்மைக் கொள்ளளவில் பாதியைக் காட்டக்கூடும்.

5. யூ.எஸ்.பி. அளவி. மின்னேற்றிக்கும் பேசிக்கும் இடையே பொருத்தப்படும் இச்சிறு கருவி, பாயும் ஆற்றலை வாட்டு-மணியில் காட்டும். 3.85 வோல்ட்டு மின்னழுத்தமுடைய 5000 மில்லியாம்பியர்-மணி மின்கலத்தின் ஆற்றல் 19.25 வாட்டு-மணி. வெறுமையிலிருந்து முழுமை வரை ஏற்ற அளவி 19 வாட்டு-மணி காட்டினால், நலம் ஏறத்தாழ 99 விழுக்காடு என எண்ணுவது பிழை. ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. வீணாவது 15 விழுக்காடு எனக் கொண்டால் மின்கலத்தைச் சேர்ந்தது 16.15 வாட்டு-மணி. எனவே நலம் ஏறத்தாழ 84 விழுக்காடு.

6. சுமைச் சோதனை. 30 விழுக்காடு மின்னூட்டத்தில் ஒளிப்படக்கருவியை இயக்கி நிகழ்படம் எடுக்கும்போது பேசி திடீரென அணைந்தால் அகமின்தடை உயர்ந்திருக்கக்கூடும். 0.1 ஓம் தடையில் 2 ஆம்பியர் பாயும்போது 0.2 வோல்ட்டு இழப்பு ஏற்படும். தடை 0.25 ஓம் ஆனால் இழப்பு 0.5 வோல்ட்டு ஆகும். மின்னழுத்தம் இவ்வாறு தாழும்போது மின்னூட்டம் மீதமிருந்தும் பேசி அணைந்துவிடுகிறது. கொள்ளளவுக் கணக்கில் தப்பிவிடும் இக்குறையை இச்சோதனை வெளிப்படுத்தும்.

முடிவுகளைப் பொருள்கொள்ளல்

மேற்கண்ட முறைகள் அனைத்தும் மதிப்பீடுகளே. வெப்பநிலை, மின்னேற்ற வேகம், பேசியின் உள்ளமைந்த அளவியின் துல்லியம் ஆகியவற்றைப் பொறுத்து விடை சில விழுக்காடு மாறலாம். இரண்டு வேறுபட்ட முறைகள் ஏறக்குறைய ஒத்துவருமாயின் முடிவு நம்பத்தக்கது. பொதுவாக 80 விழுக்காட்டுக்குக் கீழ்ச் சென்ற மின்கலம் மாற்றத்தக்கதாகக் கருதப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விற்பனைக்கு வரும் திறன்பேசியின் மின்கலம் 800 சுழற்சிகளுக்குப் பின்னரும் குறைந்தது 80 விழுக்காடு கொள்ளளவைக் கொண்டிருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு சுழற்சி எனக் கொண்டால் இது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலமாகும்.

உப்புதலும் பாதுகாப்பும்

மின்பகுளி சிதைவதால் உண்டாகும் வளிமங்கள் மின்கலத்தை உப்பச் செய்யும். இதனை எந்தச் செயலியும் காட்டாது. நல விழுக்காடு உயர்ந்திருந்தாலும் மின்கலம் உப்பக்கூடும். ஆகவே கண்ணால் பார்த்துச் சோதிப்பது இன்றியமையாதது. சமதளமான பீங்கான் தரை ஓட்டின்மீது பேசியைத் திரை கீழாக இருக்குமாறு வைத்தால், உப்பிய பேசி ஆடும் அல்லது எளிதில் சுழலும். திரை அல்லது பின்மூடி விளிம்பில் எழும்பியிருத்தலும் இதன் அறிகுறியாகும்.

உப்பிய மின்கலத்தை மின்னேற்றவோ, அழுத்தவோ, குத்தவோ கூடாது. துளையிடப்பட்டால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றும். பேசியை அணைத்து, எளிதில் தீப்பற்றும் பொருட்களுக்கு அப்பால் வைத்து, பயிற்சி பெற்றவரைக் கொண்டு மின்கலத்தை அகற்ற வேண்டும்.

மாற்றுதலும் அகற்றுதலும்

மாற்று மின்கலம் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 தரக்குறியீடு உள்ளதா எனப் பார்த்தல் நன்று. மாற்றியபின் மேற்கூறிய 4-ஆம் முறையால் கொள்ளளவை அளந்தால், அச்சிடப்பட்ட அளவு உண்மைதானா என்பது தெரியவரும். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்துகின்றன. அவற்றை வீட்டுக் குப்பையுடன் கலக்காமல் தனியே ஒப்படைப்பது பயனரின் கடமையாகும்.

இவற்றையும் பார்க்க

இலித்தியம் அயனி மின்கலம்
ஆண்ட்ராய்டு இயங்குதளம்
மின்னணுக் கழிவு
மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்
விருத்தாசலம்