இருபதில் மூன்று போனாலும்

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த மறுவாரம், சைதாப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரின் கடைக்குப் போயிருந்தேன். மொட்டை மாடி முழுக்க பில் புக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. தாளோடு தாள் ஒட்டி, மை கரைந்து, பிரித்தால் கையோடு கிழிந்து வந்தது. இன்றைய ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறது.

அந்தக் கடையில் இப்போது ரசீதுகளை ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றிய ரசீது எங்கே போய் உட்காருகிறது? பெரும்பாலும் அது எந்த ஓர் இயந்திரத்திலும் முழுசாக இருப்பதில்லை. எனக்கு வியப்பு தீராத விஷயம் இது.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் அன்றைய முறையை 2015இல் வெளிப்படையாகவே விளக்கியது. ஒரு கோப்பை 17 துண்டாக வெட்டுகிறார்கள். அவற்றிலிருந்து கணக்குப் போட்டு மேலும் 3 துண்டு உண்டாக்குகிறார்கள். 20 துண்டும் 20 இயந்திரங்களுக்குப் போகின்றன. எந்த மூன்று பழுதானாலும், மிச்சமுள்ள 17ஐ வைத்துக் கோப்பு அப்படியே திரும்பி வரும். மூன்று நகல் எடுத்து வைத்தால் மூன்று மடங்கு இடம் பிடிக்கும். இங்கே கூடுதல் இடம் 18 சதவீதம்கூட இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுங்கள். ரசீதில் 5, 8 என்று இரண்டு எண்கள். 1க்கு நேரே 5 உயரத்தில் ஒரு புள்ளி, 2க்கு நேரே 8 உயரத்தில் ஒரு புள்ளி. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து நீட்டினால் 3க்கு நேரே 11ஐயும், 4க்கு நேரே 14ஐயும் தொடும். நான்கு எண்களையும் நான்கு பேரிடம் கொடுத்து வையுங்கள். 5, 8 வைத்திருந்த இருவரும் தொலைத்துவிட்டார்களா? 14லிருந்து 11, மூன்று இறக்கம். இன்னும் மூன்று இறங்கினால் 8, பிறகு 5. தொலைந்தது மற்ற இருவர் கையில் ஒளிந்திருந்திருக்கிறது!

இரண்டு எண்ணுக்கு நேர்கோடு போதும். 17க்கு வளைகோடு வேண்டும். இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர் 1960இல், ஐந்தே பக்கக் கட்டுரையில் இதற்கு வழி சொன்னார்கள். வளைகோட்டில் எண்கள் பெரிதாகிக்கொண்டே போகுமே? கம்ப்யூட்டரில் ஒரு பைட்டுக்கு 256 எண்கள்தான். ஆனால் இதற்கென்றே உள்ள தனிக் கணக்கு முறையில் அந்த 256க்குள்ளேயே கூட்டி, கழித்து, பெருக்கி, வகுக்கலாம். விடை வெளியே வழியாது. கீறல் விழுந்த சிடி பாடியதும், டீக்கடையில் ஓரம் கிழிந்த கியூஆர் அட்டையில் இன்றும் பணம் போவதும் இதே கணக்கால்தான்.

ஆனால் கட்டடமே எரிந்தால்? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீயில் அழிந்தது. காப்பு நகலையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். அமேசானின் எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்புச் சேவைகள் வழக்கமாகக் குறைந்தது மூன்று தனித்தனி இடங்களில் பரப்பி வைப்பது இதற்காகத்தான். நாமே தவறுதலாக அழித்தால் மட்டும் எந்த வளைகோடும் உதவாது. பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியை முன்பே போட்டு வைத்திருக்க வேண்டும்.

சைதாப்பேட்டைக்காரர் கிளவுடுக்கு மாறும்போது விலையைக்கூடப் பிறகுதான் விசாரித்தார். முதலில் கேட்டது, “எந்த ஊர்ல சார் வைக்கிறாங்க?” மும்பையில் ஒன்று, ஹைதராபாத்தில் ஒன்று என்று பதில் வந்த பிறகே பணம் கட்டினார்.