காலராவின் விஷத்தைக் கண்டவர்

"பேதியிலே போக!" என்று சபிப்பதை நம் கிராமங்களில் கேட்டிருக்கிறோம். காலையில் வயலுக்குப் போனவன், உடலின் நீரெல்லாம் வடிந்து, கண் குழிந்து, தோல் சுருங்கி, பொழுது சாய்வதற்குள் மாண்டுபோன காலங்களின் ஞாபகம் அந்தச் சாபத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலராவின் பிறப்பிடம் என்று உலகத்தார் சுட்டிக்காட்டிய வங்காளத்திலேயே பிறந்து, அந்நோயின் மெய்யான விஷம் எது என்று நிரூபித்தவர் டாக்டர் சம்புநாத் டே. அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1915-ஆம் வருஷம் ஹூக்ளி ஜில்லாவில், எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்று, 1949-ல் லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

காலராக் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1884-ல் கல்கத்தாவிலிருந்துதான் உலகுக்கு அறிவித்தார். அக்கிருமி ஒரு விஷத்தைக் கக்குகிறது என்றும் அவர் ஊகித்தார். அந்த விஷத்தைத் தேடிப் பலர் புறப்பட்டனர். மிருகங்களின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமிகளைச் செலுத்திப் பார்த்தனர். மிருகங்கள் மாண்டன, பேதி மட்டும் உண்டாகவில்லை. கிருமி சிதையும்போது அதன் உடலிலிருந்து வெளிப்படும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று பலர் முடிவு கட்டினர். எழுபத்தைந்து வருஷம் இப்படியே கழிந்தது.

நோய் குடலில் அல்லவா இருக்கிறது? குடலிலேயே பார்த்தால் என்ன? டாக்டர் டே கேட்டது இவ்வளவுதான். முயலுக்கு மயக்கம் கொடுத்து, அதன் சிறுகுடலில் சுமார் நான்கு அங்குல நீளத்தை இரு முனையிலும் நூலால் கட்டி, நடுவே காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் திறந்து பார்த்தபோது அந்தத் துண்டு நீர் கோத்துப் பருத்திருந்தது. காலரா நோயாளி கழிக்கும் கழுநீர் போன்ற திரவமே அதில் இருந்தது. 1953-ல் வெளியான இந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த யந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. இதையொத்த சோதனையை 1915-லேயே இருவர் செய்திருந்தனர். உலகம் அதை மறந்துவிட்டது. டே பிறந்த வருஷமும் அதுவே!

அடுத்த படிதான் முக்கியமானது. கிருமிகள் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத நீரை மட்டும் குடலுக்குள் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது. விஷம் கிருமியின் உடலுக்குள் அடைந்து கிடக்கவில்லை, வெளியே கக்கப்படுகிறது என்பது ருசுவாயிற்று. 1959-ல் 'நேச்சர்' பத்திரிகையில் தம் பெயரை மட்டும் இட்டு அவர் எழுதிய அந்தக் கட்டுரை இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. அதே வருஷம் பம்பாய் ஹாஃப்கின் ஸ்தாபனத்தில் டாக்டர் என். கே. தத்தாவும் அவர் சகாக்களும் முயல் குட்டிகளைக்கொண்டு இதற்கு இசைந்த முடிவையே கண்டனர் என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

இந்த விஷம் குடலின் சுவரைக் கிழிப்பதில்லை. சுவரின் உயிரணுக்களுக்குள் நுழைந்து, உப்பை ஓயாமல் வெளியேற்றும்படி அவற்றை முடுக்கிவிடுகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் போகிறது. ஆனால், சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வாசல் கெடாமலே இருக்கிறது. 1971-ல் வங்க அகதிகள் வந்து குவிந்த பங்காவ் முகாமில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது அந்த வாசலின் வழியேதான்.

டே 1956-லேயே, சாதாரணக் குடற்கிருமிகளில் சிலவும் இவ்வாறு பேதி உண்டாக்கும் என்று தம் குடற்சோதனையால் காட்டியிருந்தார். காலரா விஷத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கவும் முயன்றார், கைகூடவில்லை. 1969-ல் அமெரிக்காவில் அது நிறைவேறியது.

நம் நாட்டு விஞ்ஞான அகாடமிகளில் ஒன்றேனும் அவரை அங்கத்தினராக்கவில்லை. இது நமக்குப் பெருமை தரும் சங்கதியல்ல. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க், அப்பரிசுக்கு டேயின் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை சிபாரிசு செய்தார், பரிசு வரவில்லை. 1973-ல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1978-ல் காலராவைப் பற்றிய நோபல் கருத்தரங்கு அவரை ஸ்வீடனுக்கு அழைத்தது. 1960-களின் தொடக்கத்திலிருந்தே தாம் இறந்தவராகக் கிடந்ததாகவும், கருத்தரங்கினர் தம்மைத் தோண்டி எடுத்திருப்பதாகவும் அங்கே அவர் சொன்னார். அதற்குப்பின் ஏழு வருஷம் இருந்து, 1985 ஏப்ரலில் காலமானார்.