மூக்குக்கு எட்டாதது

யோங் பெங், ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்கு எது நஞ்சு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் கண்ணைக் கரிக்கும். உறைந்த பிறகு மிஞ்சும் நீர் வாய்க்காலில் கிடந்து புளித்தால் லயம் வரைக்கும் நாறும். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது நாற்றம் வேறானதே தவிர ஒழியவில்லை. களைக்கொல்லி அடித்துவந்த பெண்களுக்கு நகம் நிறம் மாறி உதிரும். அன்றைய ஆபத்து தன்னை மறைத்துக்கொள்ளத் தெரியாத ஆபத்து.

சட்டமும் அந்த மூக்கை நம்பித்தான் எழுதப்பட்டது. 1974-இல் மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனி விதிகள் வந்தன. கழிவுநீரில் கிடக்கும் அழுகும் பொருளைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே முக்கியமான அளவுகோல். செம்பனை ஆலைகளுக்கு 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை விட்டுவைத்தார்கள். 1984-இல் அது 100-க்கு இறங்கியது. ஆறு ஆண்டுகளில் ஐம்பதில் ஒரு பங்கு. இந்த நாடு பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய கணக்குகளில் இதுவும் ஒன்று.

ஹார்மோனையும் அதைக் குழப்பும் பொருள்களையும் பற்றி இன்று பேசப்படும் அளவுகள் அந்த மில்லிகிராமுக்கு எங்கோ கீழே கிடக்கின்றன. ஒரு பெண்ணின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சில பத்து முதல் சில நூறு பிகோகிராம் வரை இருக்கும். ஒரு மில்லிகிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிகோகிராம். இந்தத் துளியில் துளி, கருப்பையை வளர்க்கிறது, எலும்பைக் காக்கிறது, மார்பகத்தை உருவாக்குகிறது. எப்படி?

1950-களில் இதற்குச் சொல்லப்பட்ட விடை நொதிகளைச் சார்ந்தது. ஹார்மோன் செல்லுக்குள் போய் ஏதோ வேதிவினையில் தானும் மாறி, அந்த மாற்றத்தின் வழியே வேலை செய்கிறது என்றார்கள். சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை இளம் எலிகளுக்குச் செலுத்திப் பின்தொடர்ந்தார். கருப்பை அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஆனால் ஹார்மோன் சற்றும் மாறவில்லை. அப்படியானால் அதைப் பிடித்து வைக்கும் ஒரு புரதம், ஓர் ஏற்பி, உள்ளே இருக்க வேண்டும். 1958-இல் வியன்னா மாநாட்டில் இதைச் சொன்னபோது கேட்க வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களிலும் மூவர் அதே அமர்வில் பேச வந்தவர்கள். ஈஸ்ட்ரோஜனும் நொதிகளும் பற்றிய அரங்கில் கூட்டம் நிரம்பி வழிந்ததாம்.

அந்த ஏற்பியின் மரபணுவை 1980-களின் நடுவில் பிரித்தெடுத்தார்கள். 1996-இல் அதற்கு ஓர் உடன்பிறப்பு இருப்பது தெரிந்தது. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டாயின. 1997-இல் ஆல்ஃபாவின் உருவத்தையே படிகத்தில் பார்த்தார்கள். ஏற்பியில் ஹார்மோன் உட்காரும் ஒரு குழி. உட்கார்ந்ததும் புரதத்தின் ஒரு சுருள், பன்னிரண்டாவது சுருள், மூடியைப்போல் குழியின்மேல் வந்து படிகிறது. படிந்தால்தான் ஏற்பியின் வெளிப்புறம் சரியான வடிவம் பெறுகிறது. இரண்டு ஏற்பிகள் இணைந்து, டிஎன்ஏயில் தமக்கான ஒரு சிறு எழுத்துவரிசையைத் தேடிப் பிடித்து அமர்கின்றன. துணைப் புரதங்கள் வந்து சேர்கின்றன. இறுகச் சுற்றியிருந்த டிஎன்ஏ நெகிழ்கிறது. அதுவரை வாசிக்கப்படாத மரபணு வாசிக்கப்படுகிறது. சில மரபணுக்கள் இதே ஏற்பியால் அடங்கியும் போகின்றன.

இந்த அறிவால் கிடைத்த இலாபம் சிறியதல்ல. அன்று மார்பகப் புற்று முற்றிய பெண்களுக்குச் சினைப்பையையோ அட்ரீனல் சுரப்பியையோ அறுத்தெடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்கே அது பயன் தந்தது, அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. இன்று கட்டியின் திசுவில் ஏற்பி உண்டா என்று முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள். இருந்தால் டாமொக்சிஃபென் போன்ற மாத்திரை. அது குழிக்குள் போய் உட்காரும், ஆனால் அதன் நீண்ட கை அந்த மூடியைப் படியவிடாது. மார்பகச் செல்லில் மரபணு வாசிக்கப்படாமலே நிற்கும்.

அந்தக் குழி ஆள் பார்த்து இடம் கொடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். பாஸ்டனில் ஆனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் வளர்த்த மார்பகப் புற்றுச் செல்கள் திடீரென்று பெருகத் தொடங்கின. தேடியதில், ஆய்வுக்கூடத்துப் பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த நோனைல்பீனால்தான் காரணம் என்று 1991-இல் எழுதினார்கள். 1993-இல் ஸ்டான்ஃபோர்டில் அருணா கிருஷ்ணனும் டேவிட் ஃபெல்ட்மனும் ஈஸ்ட் தான் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறதோ என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சுரந்தது ஈஸ்ட் அல்ல. நீராவியில் சூடேற்றிய பாலிகார்பனேட் குடுவையிலிருந்து இறங்கிய பிஸ்பீனால்-ஏ. அது ஈஸ்ட்ரோஜன்போல் செயல்படும் என்பது 1936-இலேயே எழுதப்பட்டிருந்தது. பிறகு அதிலிருந்தே குழந்தைகளுக்குப் பால்புட்டி செய்தோம்.

மலேசியா 2012 மார்ச் 1 முதல் அந்தப் புட்டிகளைத் தடைசெய்தது. இப்போது கடைகளில் 'பிபிஏ இல்லாதது' என்ற ஒட்டுச்சீட்டு நம்பிக்கை விற்கிறது. சில பொருள்களில் அதற்கு மாற்றாக வந்த பிஸ்பீனால்-எஸ் அதே ஏற்பியோடு சேரக்கூடியது. (நம் ஊரில் சூடான தே தாரிக்கைக் கட்டிக்கொடுக்கும் பை வேறு வகைப் பிளாஸ்டிக், பிஸ்பீனால் பழியை அதன்மேல் போடுவது நியாயமில்லை.) பிஸ்பீனால்-ஏ எவ்வளவு உண்டால் தீங்கில்லை என்பதும் நிலைத்து நிற்கவில்லை. உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் என்று 2006-இல் சொன்ன ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் 4 என்றது, 2023-இல் 0.2 நானோகிராம் என்றது. எட்டு ஆண்டுகளில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஜெர்மனியின் ஆய்வு நிறுவனம் இதை ஏற்காமல் ஆயிரம் மடங்கு கூடுதலான ஓர் அளவை முன்வைத்தது. வல்லுநர்களுக்குள்ளேயே ஆயிரம் மடங்கு வேறுபாடு இருக்கும்போது, புட்டி வாங்கப் போகிற தாய்க்கு ஒட்டுச்சீட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது?

நம் கடலும் இதற்கு வெளியே இல்லை. தெற்கே குக்குப் தீவில் மீன் வளர்க்கும் நீரிலும் சேற்றிலும் புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தார் ஹார்மோனைக் குழப்பும் பொருள்களைத் தேடி, பிஸ்பீனால்-ஏயின் தடயங்களைக் கண்டிருக்கிறார்கள். அந்த நீர் நாறுவதில்லை.

அந்தத் தோட்டங்களுக்குப் பக்கத்து ஊரான பத்து பாகாட்டைப் பொறுத்தவரை என் மனம் போய் நிற்பது துணியில். பால்வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் ஃபேக்டரி பஸ் ஏறிய காலத்தில் இந்த ஊர் துணிக்கும் ஆயத்த ஆடைக்கும் பெயர்பெற்றது. நூலிலுள்ள எண்ணெயையும் மெழுகையும் போக்க, சாயம் சீராகப் பிடிக்க, உலகெங்கும் துணித் தொழிலில் நோனைல்பீனால் எதாக்சிலேட் என்ற சலவைப்பொருள் பயன்பட்டது. எந்த ஆலையையும் நான் சுட்டவில்லை. அந்தப் பொருளின் போக்கைச் சொல்கிறேன். அது நீரில் இறங்கியதும் நுண்ணுயிர்கள் அதன் நீண்ட வாலைக் கடித்துக் குறைத்துவிடுகின்றன. மிஞ்சுவது நோனைல்பீனால், பாஸ்டன் குழாயில் கசிந்த அதே பொருள். செம்பனைக் கழிவின் அளவை 5,000-இலிருந்து 100-க்கு இறக்கிக்கொடுத்த நுண்ணுயிர்களின் உழைப்பு, இங்கே பாதியில் நின்றால், மூலப்பொருளைவிட ஏற்பியில் நன்றாகப் பொருந்தும் ஒன்றை விட்டுச் செல்கிறது.

2009-இன் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் நிறத்துக்கு வரம்பு உண்டு. சாய நீர் கண்ணுக்குத் தெரியும் அல்லவா. பீனாலுக்கு வரம்பு உண்டு. நோனைல்பீனாலின் பெயர் அந்த அட்டவணையில் இல்லை. ஐரோப்பா தன் ஆலைகளில் இந்தச் சலவைப்பொருளை 2005-லேயே பெரும்பாலும் நிறுத்திவிட்டது. பிறகு இறக்குமதித் துணிகளைத் துவைக்கும்போது அது தங்கள் ஆறுகளில் சேர்கிறது என்று கண்டு, 2021 பிப்ரவரி முதல் துவைக்கக்கூடிய ஆடைகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு உள்ளேதான் இருக்கலாம் என்றது. சட்டை அங்கே போய் இறங்கும்போது அதில் எஞ்சியிருப்பதைத்தான் அந்த விதி அளக்கிறது. முதல் அலசல் நீர், துணி நெய்த நாட்டிலேயே ஓடிவிடுகிறது.